மூன்று தாவலில் சாந்தோம் திரும்ப முடியுமா?

சாந்தோம் பேராலய வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று விமானப் பயணம். ஒவ்வொன்றின் தூரமும் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. திசை மட்டும் உங்கள் இஷ்டம். மூன்றாவது முடியும்போது அதே வாசலுக்கு வந்து சேர முடியுமா?

இது அணிகளைப் பற்றிய கேள்வி. ஒரு அணியை நான் ஒரு பக்கம் நின்று எழுதினால் ஒரு மாதிரி எண்கள் வரும், நீங்கள் வேறு பக்கம் நின்று எழுதினால் வேறு எண்கள் வரும். ஐகன் மதிப்புகள் மட்டும் மாறாது. இப்படி ஒரே அணியின் எல்லா வேஷங்களையும் சேர்த்தால் ஒரு குடும்பம், அதாவது கான்ஜுகஸி கிளாஸ். மூன்று குடும்பங்களைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு அணியை எடு, மூன்றின் பெருக்கலும் அலகு அணியாக வரணும் என்றால், அப்படி எடுக்க முடியுமா?

அணிக்கோவை 1 உள்ள 2×2 யூனிட்டரி அணிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு கோளம்தான் (பூமியின் மேற்பரப்பைவிட ஒரு பரிமாணம் அதிகம், அவ்வளவே). சாந்தோம்தான் அலகு அணி. ஒரு அணியால் பெருக்குவது ஒரு தாவல். குடும்பம் தாவலின் நீளத்தைச் சொல்கிறது, திசையைச் சொல்வதில்லை. ஆக, கேள்வி ஒரு கோள முக்கோணத்தைப் பற்றியது.

ஒரு பக்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது என்பது பள்ளிக்கூடப் பாடம். அது போதும் என்றுதான் நானும் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். 150, 150, 150 டிகிரி போட்டுக் கம்ப்யூட்டரை ராத்திரி முழுக்கத் தேடவிட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. புரோகிராமில்தான் தப்பு என்று ரெண்டு நாள் அதையே நோண்டினேன். தப்பு என்னிடம். முதல் தாவலிலேயே உலகின் எதிர்முனைக்கு 30 டிகிரி அருகே போய்விடுகிறீர்கள். இரண்டாவது தாவல் உங்களைச் சாந்தோமிலிருந்து 60 டிகிரிக்குள் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து 150 டிகிரி தாவினால் வாசல் எப்படி வரும்? மூன்று நீளங்களின் கூட்டுத்தொகை 360ஐத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. இந்த இரண்டும் சரியாக இருந்தால் விடை நிச்சயம் உண்டு.

கிடைக்கவில்லை என்பதும் கிடையவே கிடையாது என்பதும் ஒன்றல்ல. பெரிய அணிகளில் படம் வரைந்து பார்க்கவும் முடியாது. அங்கேதான் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார்: காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி. நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் படித்த இருவர், அவரும் எம். எஸ். நரசிம்மனும், 1965இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார்கள். ஒரு வளைபரப்பின் மேல் யூனிட்டரி அணிகளைத் தேடுவதும், அதன் மேல் 'நிலையான' வெக்டர் பண்டில்களைத் தேடுவதும் ஒரே வேலை என்றது அது. 1980இல் விக்ரம் மேத்தாவும் சேஷாத்ரியும் அதை ஓட்டை போட்ட பரப்புகளுக்கு விரித்தார்கள். நம் கேள்விக்கு இதுதான் முக்கியம். மூன்று ஓட்டை உள்ள ஒரு பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றும் நூலுக்கு ஒரு அணி. மூன்றையும் சேர்த்துச் சுற்றிய நூல் பின்பக்கமாக வழுக்கிக் கழன்றுவிடும். பெருக்கல் அலகு அணி ஆவது அதனால்தான். ஐகன் மதிப்பின் கோணங்கள் ஓட்டைகளில் வைக்கிற எடைகள். பண்டிலுக்குள் இருக்கிற எந்த உள்பண்டிலும் அளவுக்கு மீறிக் கனக்கக்கூடாது என்பதே 'நிலையானது' என்பதன் பொருள். மேலே சொன்ன ஒவ்வொரு நிபந்தனையும் அப்படி ஒரு எடைபோடல்தான். பந்தின் மேல் 2×2 கணக்கை பிஸ்வாஸ் 1998இல் முடித்தார். எந்த அளவு அணிக்கும் அக்னிஹோத்ரி–உட்வர்டும் பெல்கலேயும் வழி கண்டார்கள்.

(சேஷாத்ரி தொடங்கிய கணித நிறுவனம் 2005இல் சிறுசேரி போகும்வரை தி. நகரில்தான் இருந்தது. சாந்தோமிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்!)

மூன்று தாவலில் விடை இருந்தால் ஒன்றே ஒன்றுதான், முக்கோணச் சட்டம் ஆடாது. நான்கு தாவல் என்றால் சட்டம் ஆடும்: மூலைவிட்டம் நீளலாம், அதையே கீலாக வைத்து மடக்கலாம். ஆக, விடைகள் ஒரு பரப்பாகவே விரிகின்றன. இரண்டிரண்டு அணிகளாகப் பெருக்கி, மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் மூன்று எண்கள் வரும். அவை ஒரு முப்படிச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிரிக்கேயும் க்ளைனும் எழுதிய சமன்பாடு அது. யூனிட்டரி விடைகள் அந்தப் பரப்பில் ஒரு துண்டு, பெரும்பாலும் உருண்டையின் தோல் மாதிரி. போன வாரம் அதை வரைந்து பார்த்தேன். நான்கு நீளங்களில் ஒன்றை மெல்லக் கூட்டக் கூட்ட உருண்டை சுருங்கி, ஒரு புள்ளியாகி, காணாமல் போனது.