நெல் உலர்த்திக்கு எத்தனை பெரிய சைக்ளோன்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளைச் சுற்றித் தகட்டுப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலைக்காரர்கள் நெல் உலர்த்தியின் தூசியைப் பிடிக்கும் சைக்ளோனை அங்கேயே செய்து வாங்கலாம். ஆனால் பெரிதாகச் செய்தால் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவது தவறு. உள்ளே காற்று வேகமாகச் சுழன்றால்தான் உமித்தூளும் சுணையும் ஓரத்தில் ஒதுங்கிக் கீழே இறங்கும். சைக்ளோன் பெருத்தால் வேகம் குறைந்து, தூசி அண்டை வீட்டுக்குப் போகும். மிகவும் சிறுத்தாலோ விசிறிக்குச் சுமை ஏறி, மின்கட்டணம் கூடும்.

ஆகவே முதலில் உலர்த்தியிலிருந்து வெளியேறும் காற்றை அளக்க வேண்டும். சூடான காற்று விரியும். 30 டிகிரிக் காற்று 60 டிகிரியானால் கன அளவு சுமார் 10 சதவிகிதம் கூடிவிடும். எனவே வெளிவாயிலில் அளப்பதே சரி.

வினாடிக்கு 1 கன மீட்டர் காற்று வருவதாக வைத்துக்கொள்வோம். சைக்ளோனுக்குள் அது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நுழைய, வாயிலின் பரப்பு 0.067 சதுர மீட்டர் இருக்க வேண்டும். வாயிலின் உயரம் மேலுருளை விட்டத்தில் பாதி, அகலம் கால் பங்கு என்பது வழக்கமான அமைப்பு. அதன்படி விட்டம் 73 செ.மீ. வரும். மொத்த உயரம் அதைப்போல் 4 மடங்கு, அதாவது சுமார் 2.9 மீட்டர்.

துணிப்பை வடிகட்டி இன்னும் நுண்ணிய தூசியையும் பிடிக்கும். ஆனால் புழுங்கல் நெல்லின் ஈரக்காற்றில் பை நனைந்து அடைத்துக்கொள்ளும்.

சைக்ளோனின் அடிவாயில் காற்றுப் புகக்கூடாது. சிறு ஓட்டை இருந்தாலும் இறங்கிய தூசி மறுபடி மேலேறிவிடும். புதிதாக மாட்டியும் புகைபோல் தூசி கிளம்பினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.