தினமும் 2 நிமிடம் போதுமா? கழுத்து வலி பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

காலையில் சுத்துக்கேணியிலிருந்து சேதராப்பட்டுக்கோ, திருபுவனைக்கோ, புதுச்சேரி டவுனுக்கோ பைக்கில் பயணம். எட்டு மணி நேரம் குனிந்தபடி வேலை. ராத்திரி படுத்துக்கொண்டே ரீல்ஸ். கழுத்து பிடித்துக்கொண்டால் முதலில் தைலம், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை. அதற்கும் கேட்கவில்லை என்றால், ‘தேய்மானமா இருக்குமோ?’ என்ற பயம். பிசியோவிடம் போகலாம் என்றால் அரை நாள் சம்பளம் போய்விடும்.

சரி, வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

எத்தனை பேருக்கு இந்த வலி?

2020-ல் உலகம் முழுக்க சுமார் 20.3 கோடி பேர் கழுத்து வலியுடன் இருந்ததாக ஒரு சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. இதில் பெண்களே அதிகம். வலி மூன்று மாதங்களைத் தாண்டினால் அதை ‘நாள்பட்ட வலி’ என்கிறார்கள்.

போன்தான் வில்லனா?

‘60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம்’ என்ற படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். அது 2014-ல் ஓர் அமெரிக்க மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. நோயாளிகளிடம் அளந்து பார்த்தது அல்ல. 2018-ல் வெளியான, பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரிடம் நடந்த ஆய்வில், குனிந்து போன் பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஸ்கேனில் ‘டிஸ்க் பிதுங்கல்’ என்று வந்தால்?

உடனே பயப்பட வேண்டாம். ஜப்பானில் வலி எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 87.6% பேருக்கு கழுத்தில் டிஸ்க் பிதுங்கி இருந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

எதுதான் கைகொடுக்கிறது?

தசைக்கு பலம் தரும் பயிற்சி. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓராண்டு கவனித்தார்கள். 2003-ல் வெளியான முடிவு இது: ரப்பர் பேண்ட், டம்பெல் வைத்து பலப் பயிற்சி செய்தவர்களில் 73% பேருக்கு வலி பெருமளவு குறைந்தது அல்லது முழுசாகப் போனது. வெறும் ஸ்ட்ரெச்சிங், ஏரோபிக் என்று இருந்தவர்களில் 21% பேருக்குத்தான் அந்தப் பலன்.

அவ்வளவு நேரம் எங்கே இருக்கு?

இதற்கும் பதில் இருக்கிறது. டென்மார்க்கில் 198 பேர் கலந்துகொண்ட ஆய்வு, 2011-ல் வெளியானது. எலாஸ்டிக் டியூபை காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்க வேண்டும். தினம் 2 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம். அவ்வளவுதான். பத்துக்கு இத்தனை என்று போடும் வலி அளவில் சராசரியாக 1.4 புள்ளி குறைந்தது. 12 நிமிடம் செய்தவர்களுக்கு 1.9. வித்தியாசம் பெரிசா இல்லை.

எல்லோருக்கும் பொருந்துமா?

இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். நாள் முழுக்க குனிந்து நாற்று நடும், தலையில் சுமை தூக்கும் அம்மாவுக்கு இதே பயிற்சியை அப்படியே சொல்லிவிட முடியாது. அவருக்கு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்வதே நல்லது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விபத்துக்குப் பிறகு வரும் வலி: இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இவை இல்லாவிட்டால், ஒருமுறை பிசியோவிடம் சரியாகக் கற்றுக்கொண்டு பயிற்சியைத் தொடங்கலாம். அந்த ஒரு நாளுக்குத்தான் லீவு போட வேண்டும். மிச்சமெல்லாம் வீட்டிலேயே.