உப்பு அளக்கும் வகுப்பு

ஐரோப்பிய ஏரிகளை வைத்து எழுதப்பட்ட பாடத்தை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் எப்படி நடத்துவது? கொச்சியின் கல்லூரிகள் முன் நிற்கும் கேள்வி இது. கேள்வியின் மறுமுனையில் குடிநீரும் மீனும் இருக்கின்றன.

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் மிளகு, சுக்கு வாசனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் காயல் வந்துவிடும். படகுத்துறைப் படியில் குனிந்து ஒரு வாளி தண்ணீர் மொண்டால் அது நன்னீரா, உப்பு நீரா? எந்த மாதம், எத்தனை மணிக்கு மொண்டது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஜூலை மாதக் கொட்டும் மழையில் அது கிட்டத்தட்ட ஆற்று நீர். மார்ச்சில் அதே படியில் மொண்டால் கடல் நீருக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பெரியாற்று நீரில் சிட்டிகைகூடக் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஆண்டு முழுவதும் ஊசலாடுகிறது கொச்சிக் காயல்.

நன்னீர்ச் சூழலியல் சொல்லிக்கொடுக்க இது தோதான இடம்தானா என்று சந்தேகம் வரலாம். கொச்சியில் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எர்ணாகுளம் கரையில் 1875இல் தொடங்கிய மகாராஜாஸ், தேவராவில் காயலை ஒட்டியே 1944இல் எழுந்த சேக்ரட் ஹார்ட், மேற்குக் கொச்சியில் கொச்சின் காலேஜ் என்று வரிசையாக இருக்கின்றன. தாவரவியல், விலங்கியல் படிப்பவர்களுக்கு நன்னீர் என்பது சூழலியல் தாளில் ஓர் அலகு. குளம், ஏரி, ஆறு ஆகியவற்றின் படங்களை வரைந்து, பாகங்களைக் குறித்து, பத்து மதிப்பெண் வாங்கிவிடலாம். 2024 ஜூலையில் கேரளம் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு மாறியபின் வரலாறோ பொருளாதாரமோ படிக்கும் மாணவரும் அறிவியல் தாள் ஒன்றை எடுக்க வழி திறந்திருக்கிறது. இனி இந்தப் பாடம் வருங்கால விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதல்ல. நாளை பஞ்சாயத்திலும் பத்திரிகை அலுவலகத்திலும் உட்காரப்போகிறவர்களுக்கும் உரியது.

ஆனால் பாடம் எங்கிருந்து வந்தது? ஏரி இயலுக்குப் பெயர் சூட்டியவர் சுவிட்சர்லாந்தின் எஃப்.ஏ. ஃபோரல். ஜெனீவா ஏரியைப் பற்றி 1892 முதல் மூன்று தொகுதிகள் எழுதியவர். அன்றிலிருந்து பாடப்புத்தக ஏரி குளிர்நாட்டு ஏரிதான். கோடையில் மேலே வெதுவெதுப்பான நீர், அடியில் குளிர்ந்த நீர், நடுவே ஒரு திரை. இலையுதிர் காலத்தில் திரை கலைந்து ஏரி புரண்டு படுக்கும். இலையுதிர் காலத்தையே பார்த்திராத மட்டாஞ்சேரி மாணவன் இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு என்ன செய்வான்?

அவன் வீட்டருகே ஓடும் நீரும் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. பிரிப்பது வெப்பம் அல்ல, உப்பு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மேலாக ஓடிக் கடலுக்குப் போகும்போது, கனமான கடல் நீர் அதன் அடியில் ஆப்பு போல உள்ளே நுழைகிறது. முகத்துவாரம் பக்கம் படகில் போய் மேலே ஒரு பாட்டில், அடியில் ஒரு பாட்டில் எடுத்து உப்பளந்தால் போதும். ஒரே இடத்தில் ஆறும் கடலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிடலாம். (உப்பு அளக்கும் பழைய முறைக்கு சில்வர் நைட்ரேட் வேண்டும். அதன் விலை கல்லூரி ஆய்வகங்களைச் சிக்கனக்காரர்களாக்கிவிடுகிறது. கண்ணில் வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வந்தபின் கொஞ்சம் நிம்மதி.)

உள்ளூர் நீரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்பதற்குத் தமிழகத்தில் பழைய முன்மாதிரி உண்டு. சென்னையின் எஸ்.வி. கணபதி 1940இல் வெளியிட்ட கட்டுரை ஒரு கோயில் குளத்தைப் பற்றியது. ஆண்டு முழுவதும் நீலப்பச்சைப் பாசி படர்ந்து கிடந்த அந்தக் குளத்தின் தெப்பமும் படிக்கட்டும் பக்தர்களுக்கு. அவருக்கு அது ஆய்வுக்கூடம். இந்திய நன்னீர் ஆய்வின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று ஒரு குளக்கரையில் நடந்தது என்பதைப் பாடத்திட்டக் குழுக்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

செய்முறை வகுப்பில் மாணவர்கள் கண்ணை விரிப்பது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை அளக்கும்போதுதான். ஹங்கேரியின் வின்க்ளர் 1888இல் கண்டுபிடித்த முறை இன்றும் மாறவில்லை. குமிழி நுழையாமல் பாட்டிலை நிரப்பி இரண்டு ரசாயனங்களை விட்டால் பழுப்பாகத் திரளும். வெள்ளையாகவே இருந்தால் அந்த நீரில் பிராணவாயு இல்லை என்று பொருள். கருவி எதுவும் வேண்டாம், கண்ணே போதும். மேற்குக் கொச்சியின் ராமேஸ்வரம்-கல்வத்திக் கால்வாய் போலச் சாக்கடை கலந்து தேங்கிய நீருக்கு இதைவிட நேரான பரிசோதனை கிடையாது. கணக்கும் எளிது: 10 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும், கொச்சியின் 30 டிகிரியில் ஏழரைதான். உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். குளிர்நாட்டு மீனுக்கு இருக்கும் கையிருப்பு கொச்சி மீனுக்கு இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு கனமானது என்பது 2024 மே மாதம் தெரிந்தது. மே 20 இரவு, மழைக்குப் பின், பெரியாற்றின் பாதாளம் ரெகுலேட்டர் ஷட்டர்கள் திறக்கப்பட்டன. கோடையில் உப்பு நீர் மேலேறிக் குடிநீரைக் கெடுக்காமல் தடுக்கும் தடுப்பணை அது. அதைச் சுற்றியிருப்பது ஏலூர்-எடையார் தொழிற்பேட்டை. மறுநாள் ஆறு முழுக்கச் செத்த மீன்கள் மிதந்தன. கூண்டு கட்டி மீன் வளர்த்தவர்கள் மொத்தத்தையும் இழந்தார்கள். தேங்கிக் கிடந்த, பிராணவாயு குறைந்த நீர் ஒரேயடியாக வெளியேறியதே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பனங்காட்டிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வோ நீரில் அமோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது. அணையா, ஆலையா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது.

வின்க்ளர் பாட்டிலைப் பிடித்துப் பழகியவருக்கு இந்தச் சண்டையில் வேறொன்று புலப்படும். இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தேங்கிய நீரில் கழிவு அழுகினால் பிராணவாயு தீரும். அது தீர்ந்தபின் வேலையைத் தொடரும் நுண்ணுயிர்கள் உப்பு நீரில் தாராளமாகக் கிடைக்கும் சல்ஃபேட்டிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கிளப்பும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: அழுகியது என்ன, அதைக் கொட்டியது யார்? ஷட்டர் தானாக எதையும் அழுகவைப்பதில்லை. இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இந்தப் பாடத்தின் உண்மையான மதிப்பெண்.

தெற்கே இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பா, அச்சன்கோவில் என்று ஆறு நதிகள் வந்து சேரும் வேம்பநாட்டுக் காயல் 2002 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. அதன் குறுக்கே 1970களின் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணை செயலுக்கு வந்தது. கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்களுக்குள் உப்பு ஏறாமல் காப்பது அதன் வேலை. டிசம்பர் நடுவில் மூடி, மார்ச் நடுவில் திறப்பது ஏற்பாடு. அறுவடை தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகும். நெல் விவசாயிக்கு அது உயிர்நாடி. மீனவருக்கு நெஞ்சில் வைத்த கல்.

ஏன்? குட்டநாட்டின் நீலக்கால் ஆற்றுக்கொஞ்சு வாழ்வது நன்னீரில், குஞ்சு பொரிப்பது உவர்நீரில். சினையோடு அது கீழே இறங்க வேண்டும், குஞ்சுகள் மேலே திரும்ப வேண்டும். நடுவே கதவு மூடியிருந்தால் வம்சம் குறையும். குறையவும் செய்தது. கருப்புச் சிப்பிக்கும் இனப்பெருக்கத்துக்குக் கொஞ்சம் உப்பு வேண்டும். நன்னீர் அதிகமானால் நல்லதுதானே என்று நினைக்கும் வெளியூர்க்காரரை இந்த ஒரு கொஞ்சு திருத்திவிடும்.

உப்பு வராத இடத்தில் எது பெருகுகிறது? பாசியும் கொசுவும். டச்சு கவர்னர் வான் ரீட் கொச்சியில் திரட்டி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்டஸ் மலபாரிகஸில் ‘கொட்டப்பாயல்’ என்றொரு மிதக்கும் செடி உண்டு. தமிழ் வைத்தியர்களின் ஆகாயத்தாமரை. அந்த நூலுக்கு மூலிகை அறிவு தந்த இட்டி அச்சுதன் சேர்த்தலைப் பகுதிக்காரர். கொச்சியின் கொங்கணி மருத்துவர்கள் மூவரும் துணை நின்றார்கள். பின்னாளில் யானைக்கால் நோய்க்குப் பெயர்போனதும் அதே சேர்த்தலை. நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு மற்றப் புழுக்களைப் போல மூச்சுவிட மேலே வருவதில்லை. இந்தச் செடியின் வேரில் துளைபோட்டு அங்கிருந்தே காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. செடியை எடுத்தால் கொசு போகும். புதுச்சேரியின் வெக்டார் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் 1980களில் அதைத்தான் செய்தது. குளங்களில் செடியை அகற்றி மீன் வளர்க்கவைத்தது. மீன் காசு தரும் என்பதால் மக்களே குளத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். மருத்துவம், தாவரவியல், பொருளாதாரம் மூன்றும் ஒரே குளத்தில் சந்திக்கும் இந்தப் பாடத்தைத் தனித்தனி வகுப்பறைகளில் நடத்த முடியாது.

மட்டாஞ்சேரிக்காரருக்கு நன்னீர் எப்போதும் வெளியூர்ச் சரக்குதான். டச்சுக்காரர்கள் ஆலுவாவிலிருந்து படகில் குடிநீர் வரவழைத்தார்கள். பிறகு பெரியாற்று நீர் குழாயில் வந்தது. மணல் திட்டின் அடியில் உப்பு நீர்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் உள்ளூர்க் கிணறு. ஃபோர்ட் கொச்சி வேளியிலுள்ள தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களிடம் கேட்டால் தெரியும். உவர்நீரில் சோப்பு நுரைக்காது. ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமலே உப்பளக்கும் கைகள் அவை. 2023 தொடக்கத்தில் பாழூர் பம்ப் நிலையத்தின் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்தது. சுற்றிலும் தண்ணீர் இருந்தது.

வேம்பநாட்டில் 2008 முதல் ஆண்டுதோறும் மீன் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏட்ரீ அமைப்பு நடத்தும் இதில் மீனவர்களோடு கல்லூரி மாணவர்களும் படகு ஏறுகிறார்கள். வலையில் விழுவதன் பெயரைச் சொல்வது மீனவர், எழுதிக்கொள்வது மாணவர். 2010இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீன் நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும். எந்த வகையில் சேர்ப்பது என்று புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. பிடித்த இடத்தின் உப்பைப் பக்கத்தில் எழுதினால் போதும். வின்க்ளர் பாட்டில்கள் பழுப்பு வண்டலோடு கூடையில் நிற்கின்றன. வெயிலில் காயாமல் மேலே ஈரச்சாக்கு. சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.