வாசிப்பு நிலை: வகுப்பைப் பார்க்காமல் புரிதலைப் பாருங்கள்

“தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான்; இந்தச் சின்னக் கதையைக்கூட வாசிக்கத் தெரியவில்லையே!” என்று வருந்தும் பெற்றோர் சிங்கப்பூரில் பலர் உள்ளனர். ஆனால் வாசிப்பு நிலை வயதையும் வகுப்பையும் மட்டும் பொறுத்ததன்று. ஒரே பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு நிலையிலும் தமிழில் வேறொரு நிலையிலும் இருப்பது இங்கு இயல்பே.

பிள்ளைக்கு ஏற்ற நூலைக் கண்டறிய ஆசிரியர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. ஏறக்குறைய 100 சொற்கள் கொண்ட பகுதியைப் பிள்ளை உரக்க வாசிக்க வேண்டும். 95 சொற்களோ அதற்கு மேலோ சரியாக வாசித்தால், அந்நூலைத் தானே படிக்கலாம். 90 முதல் 94 வரை என்றால், பெரியவர் துணையுடன் படிக்கலாம். 90க்கும் குறைந்தால், இப்போதைக்கு அது கடினமான நூல்.

இந்த அளவுகோல் ஆங்கில வாசிப்பையொட்டி உருவானது. தமிழுக்கு இது மட்டும் போதாது. எழுத்துகளை நன்கு கற்ற பிள்ளை, பொருள் புரியாமலேயே ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசித்துவிடலாம். மேலும், வீட்டில் “வந்துட்டாங்க” என்று கேட்கும் பிள்ளை, நூலில் “வந்துவிட்டார்கள்” என்று காண்கிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைக் கடக்கப் பிள்ளைக்குத் துணை தேவை.

ஆகவே, வாசித்து முடித்ததும் “கதையில் என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டும். பிள்ளை பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும். சொல்ல முடிந்தால் புரிந்துள்ளது என்று பொருள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினாலே நல்ல தொடக்கம்தான். முதலில் பெற்றோர் வாசித்துக் காட்டலாம். அடுத்து இருவரும் சேர்ந்து வாசிக்கலாம். பிறகு பிள்ளை தனியே வாசிக்கலாம். தடுமாறும் சொல்லில் சற்றுப் பொறுத்திருந்து, பின்னர் சொல்லிக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கிட்டால் கதையின் தொடர்ச்சி அறுந்துவிடும். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோர், தாத்தா பாட்டியின் உதவியை நாடலாம். வட்டார நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் கிடைக்கின்றன. அவற்றில் பிடித்ததைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

தம்பி படிக்கும் எளிய நூலை அண்ணன் படித்தால் அது இழிவன்று. எட்டாத நூலைத் திணிப்பதில்தான் ஆபத்து உள்ளது. “தமிழ் எனக்கு வராது” என்று பிள்ளை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அதை மாற்றுவது எளிதன்று. இன்று ஓர் எளிய நூலை மகிழ்ச்சியோடு முடிக்கும் பிள்ளை, நாளை அடுத்த நூலைத் தானே கேட்டு வாங்கும்.