ராத்திரியில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

இரவு 9 மணி. நெய்யூர் பக்கம் கட்டட வேலை நடக்கும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்தில் இருந்து வந்த தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். அப்போது ஒரு ஜீப் வந்து நிற்கிறது. சுகாதாரத் துறை ஊழியர்கள் இறங்குகிறார்கள். கையில் ஊசி, பஞ்சு, கண்ணாடித் தகடுகள்.

"எல்லாரும் விரலை நீட்டுங்க. ரெண்டு சொட்டு ரத்தம் எடுக்கணும்!"

தொழிலாளர்களுக்குத் திக்கென்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பிறகு எதற்கு ரத்தம்? அதுவும் ராத்திரியில்? நோய் இருக்கிறது என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ?

குட்டீஸ், உங்களுக்கும் அதே சந்தேகம்தானே? வாங்க, பார்ப்போம்.

கண்ணாமூச்சி ஆடும் புழு

யானைக்கால் நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால் வீங்கி, யானையின் கால் போலப் பருத்துவிடும். இதற்குக் காரணம், நூல் போல மெல்லிய ஒரு புழு. நம் உடம்பின் நிணநீர்க் குழாய்களில் இது 6 முதல் 8 ஆண்டுகள் வரை உயிர் வாழும். லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈனும். அந்தக் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. ஒரு மில்லி மீட்டரில் கால் பங்குதான் நீளம்!

இந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒளிந்துகொள்ளும். இரவானதும் தோலுக்கு அருகில் ஓடும் ரத்தத்துக்கு வரும். நள்ளிரவை ஒட்டித்தான் கூட்டம் அதிகம். ஏன் தெரியுமா? இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்க வருவது இரவில்தான். கொசுவில் ஏறிக்கொள்ள, புழுக்குஞ்சு சரியான நேரத்தில் 'பஸ் ஸ்டாப்'பில் வந்து நிற்கிறது! அதனால்தான் ரத்தமும் இரவில் எடுக்கப்படுகிறது.

கொசுவின் உடலில் 10 முதல் 14 நாட்கள் வளர்ந்த பிறகே, புழு அடுத்த மனிதருக்குள் புக முடியும். சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய டாக்டர் பேட்ரிக் மான்சன், கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877ல் கண்டுபிடித்தார். இவருடைய வழிகாட்டுதலில்தான் ரொனால்ட் ராஸ், 1897ல் செகந்திராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார்.

யார் மேல் குற்றம்?

பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் யானைக்கால் நோய் உள்ள மாவட்டங்கள் பல. அங்கிருந்து வருபவர்கள் சிலரின் ரத்தத்தில் புழுக்குஞ்சு இருக்கலாம். அவர்களுக்கே அது தெரியாது. வீக்கம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அவர்கள் தங்கும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கிறார்கள். புழுக்குஞ்சு இருந்தால் மாத்திரை கொடுப்பார்கள். குஞ்சுகள் அழிந்துவிட்டால் கொசுவால் நோயைப் பரப்ப முடியாது. ஆனால், கால் நன்றாகப் பருத்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். முந்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்!

"அப்படியென்றால் நோயைக் கொண்டு வருவது அவர்கள்தானே?" என்று கேட்காதீர்கள். கன்னியாகுமரி மாவட்டமே ஒரு காலத்தில் யானைக்கால் நோய் இருந்த மாவட்டம்தான். வீடு வீடாக வந்து, கண் முன்னே மாத்திரையை விழுங்கச் சொன்ன கதையை அம்மா, அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ இந்த நோய் ஒட்டாது. கொசு கடித்தால்தான் பரவும். அந்தக் கொசு வளர்வதோ, நம் தெருச் சாக்கடையில்!

நம் ஊரில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் மாமா, சித்தப்பாக்களும் மருத்துவப் பரிசோதனை முடித்துத்தான் விமானம் ஏறுகிறார்கள். அங்கே அவர்களை யாராவது ஏளனமாகப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?

நெய்யூருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1838ல் தொடங்கிய மிஷன் மருத்துவமனை இங்கே இருக்கிறது. 1922ல் எவரெஸ்ட் சிகரம் ஏற வந்த இங்கிலாந்து டாக்டர் ஹோவர்டு சாமர்வெல், அந்தப் பயணம் முடிந்ததும் இந்த மருத்துவமனையைப் பார்க்க வந்தார். நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு மனம் மாறி, பிறகு இங்கேயே வந்து பல ஆண்டுகள் பணியாற்றினார். எங்கிருந்தோ வந்தவர் நம் ஊர் மக்களைக் கவனித்துக்கொண்டார். இன்று எங்கிருந்தோ வந்தவர்களைக் கவனிப்பது நம் முறை.

இலங்கையில் யானைக்கால் நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016ல் அறிவித்தது. நம்மாலும் முடியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வீட்டைச் சுற்றி அழுக்குத் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

* கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாயில் வலை கட்டச் சொல்லுங்கள்.

* கொசுவலைக்குள் தூங்குங்கள்.

* கால் வீங்கியவர்களைக் கேலி செய்யாதீர்கள். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் அவர்களின் வேதனை குறையும்.

* பக்கத்துக் கொட்டகையில் யாராவது ஊசியைப் பார்த்துப் பயந்தால், 'டரோ மத்' என்று சொல்லுங்கள். இந்தியில் 'பயப்படாதீங்க' என்று அர்த்தம்!