பொறுமைக்கு என்ன சம்பளம்?

சாயா ஆறட்டும், அதற்குள் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 2025 பிப்ரவரி 10 தொடங்கி மாதக்கணக்கில் ஆஷா எனப்படும் சுகாதார ஊழியர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசலில் ஏன் உட்கார்ந்தார்கள்? அப்போது மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். அவர்கள் கேட்டது 21,000. ஐம்பதாம் நாள் சிலர் கூந்தலை வெட்டினார்கள், சிலர் மொட்டையே அடித்துக்கொண்டார்கள். கர்ப்பிணியின் விவரம், குழந்தையின் தடுப்பூசி, படுக்கையில் கிடப்பவரின் மருந்து என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள். அரசுக் கணக்கில் மட்டும் தொழிலாளிகள் அல்லர், தன்னார்வலர்கள்.

கஜானாவில் பணமில்லை என்பது பாதி பதில்தான். மீதிப் பதில் இதே ஊரில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் எழுப்பிய செங்கல் வளாகத்தில் இருக்கிறது. அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஜெ. தேவிகா உளவியலாளர் அல்லர், வரலாற்றாய்வாளர். ஆனால் வேலைக்கும் மனசுக்கும் உள்ள முடிச்சை அவரளவு அவிழ்த்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம். 2007இல் வந்த அவருடைய நூல், நூறாண்டுக்கு முந்தைய மலையாளச் சீர்திருத்த எழுத்துகளையும் பெண்கள் பத்திரிகைகளையும் தோண்டிப் பார்க்கிறது.

அவர் காட்டுவது இதுதான்: பழைய ஒழுங்கில் ஒருத்தி எங்கே நிற்கலாம், என்ன உடுத்தலாம் என்பதைச் சாதி சொன்னது. காலனிய காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் அதற்கு மாற்றாக வேறொரு ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள்: ஆணுக்கு ஒரு சுபாவம், பெண்ணுக்கு ஒரு சுபாவம். அன்பு, பொறுமை, இரக்கம் எல்லாம் தாய்க்குப் பிறவியிலேயே வருபவை. ஆகவே வீடு அவளுடையது. சாதிக்கு எதிராகப் பார்த்தால் இது முற்போக்குதான். சிக்கலும் இதிலேயே இருக்கிறது. ஆசிரியை, நர்ஸ் வேலைகளுக்குக் கதவு திறந்ததும் இதே நியாயத்தில்தான், வீட்டுப் பொறுமையை வெளியே இரவல் கொடுப்பது போல. பிறவிக்குணம் என்றாகிவிட்டால் அது திறமை ஆகாது. திறமை இல்லையென்றால் கூலி எதற்கு?

எல்லோரும் தலையாட்டவில்லை. பெண்களுக்கு அரசு வேலை கொடுத்தால் குடும்ப சுகம் கெடும் என்று 1920களின் இறுதியில் டி.கே. வேலுப்பிள்ளை என்பவர் பேசியபோது, இளம் வழக்கறிஞர் அன்னா சாண்டி இதே நகரத்து மேடையில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். சாண்டி 1937இல் முன்சீப் ஆனார், 1959இல் உயர் நீதிமன்ற நீதிபதி.

இந்த உள்ளூர்க் கதை இருக்க, நம் கல்லூரிகளில் வேலை உளவியல் பாடம் இன்னும் சிகாகோ பக்கத்து ஹாதோர்ன் தொழிற்சாலையில்தான் தொடங்குகிறது. அங்கே 1927இல் தொலைபேசி ரிலே பூட்டிய இளம்பெண்களின் வேகத்தை அளந்தார்கள். சாயங்காலம் அவர்களுக்கு வீட்டில் என்ன வேலை காத்திருந்தது என்பது பாடத்தில் வராது. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்ணின் சிரிப்பும் உழைப்பே என்று எழுதியதெல்லாம் வெகு பிந்தி.

சட்டம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. அங்கன்வாடி ஊழியர்களின் மதிப்பூதியமும் ஊதியமே, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஷாக்களுக்கு 2025 அக்டோபர் இறுதியில் கேரள அரசு 1,000 ரூபாய் கூட்டியது. வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 33 ரூபாய். பெயர் இன்னும் தன்னார்வலர்தான்.