தூரத்திலிருந்து பார்க்கும் கமராவுக்கு மாறாத பெயர் அமைத்தல்

நீரிறைக்கும் இயந்திரம், மின்கம்பி, களத்திற் குவித்த நெல், கொட்டிலிற் கட்டித் தூக்கிய வெங்காயம் ஆகியவற்றை இரவிற் காவல் காப்பது கமக்காரருக்கு என்றும் உள்ள சிரமமாகும். வீட்டு இணைய இணைப்புடன் பொருத்தப்படும் கமரா இச்சிரமத்தை ஓரளவு குறைக்கும். ஆனால், மரக்கறியுடன் தம்புள்ளைச் சந்தைக்குச் சென்ற ஒருவர் கைத்தொலைபேசியிற் கமராவைப் பார்க்க முயலும்போது, நேற்றுத் தோன்றிய படம் இன்று தோன்றாதிருப்பதுண்டு. கமரா பழுதடைந்துவிட்டதென எண்ணிப் புதியதொன்றை வாங்குதல் வீண்செலவாகும். பல சந்தர்ப்பங்களிற் கமராவிற் குறையில்லை. வீட்டின் இணைய முகவரி மாறியிருப்பதே காரணமாகும். இக்குறையைத் தீர்க்கும் முறையும், அதனைச் செய்யும்போது கள்வருக்குக் கதவைத் திறந்துவிடாதிருக்கும் வழியும் இங்கு விளக்கப்படுகின்றன.

முகவரி மாறுவதன் காரணம்

இணையத்திற் சேரும் இணைப்புகளுக்கு ஐ.பி. முகவரி என்னும் இலக்கம் வழங்கப்படுகின்றது. இன்றும் பெருவழக்கிலுள்ள பழைய முறையில் இவ்விலக்கங்கள் ஏறக்குறைய 429 கோடி மாத்திரமே. உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்தவை 2011 பெப்ரவரியிற் பகிர்ந்து முடிக்கப்பட்டன. ஆதலால் இணைய நிறுவனங்கள் இவற்றைப் பொதுவாக வீடுகளுக்கு நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. காணியைக் குத்தகைக்கு விடுவது போலச் சில காலத்துக்கே கொடுக்கின்றன. தவணை முடியும்போதோ, மின்சாரம் தடைப்பட்டு ரவுட்டர் மீண்டும் இயங்கும்போதோ வேறொரு முகவரி கிடைக்கலாம்.

பெயர்ப் பதிவு செய்யும் வேலை

இலக்கங்களுக்குப் பதிலாகப் பெயர்களைப் பயன்படுத்துவதற்கான டி.என்.எஸ். என்னும் பதிவுமுறையை மொக்காபெட்றிஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1983இல் வகுத்தார். டைனமிக் டி.என்.எஸ். என்பது, முகவரி மாறுந்தோறும் அப்பதிவைத் தானாகவே திருத்தும் ஏற்பாடாகும். அடிக்கடி வீடு மாறும் ஒருவர் தமது புதிய விலாசத்தைத் தபாற்கந்தோரில் உடனுக்குடன் அறிவித்து வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். முகவரி மாறியதும் ரவுட்டர் அச்செய்தியைச் சேவை நிலையத்துக்கு அனுப்பும். சில நிமிடங்களில் அதே பெயர் புதிய முகவரியைக் காட்டும். கமக்காரர் பெயரை மாத்திரம் நினைவில் வைத்திருந்தாற் போதுமானது.

முதலிற் செய்ய வேண்டிய சோதனை

நிலத்தைச் சோதியாது பசளை இடுதல் எவ்வாறு பயனற்றதோ, இணைப்பைச் சோதியாது இவ்வேலையைத் தொடங்குதலும் அவ்வாறே பயனற்றதாகும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐ.பி.’ என்று காட்டப்படும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர், வீட்டு இணைப்பிலிருந்தபடியே, ஐ.பி. முகவரியைக் காட்டும் இணையத்தளம் ஒன்றைத் திறந்து, அங்கு தோன்றும் இலக்கத்துடன் ஒப்பிடுதல் வேண்டும்.

இரண்டும் ஒன்றாயின் மேற்கொண்டு செல்லலாம். இரண்டும் வேறுபட்டால், அல்லது ‘வான்’ முகவரி 10 என்றோ, 192.168 என்றோ, 100.64 முதல் 100.127 வரையுள்ள இலக்கங்களில் ஒன்றாகவோ தொடங்கினால், ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்பது பொருள். கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து இணைப்புப் பெறும் 4ஜீ ரவுட்டர்களில் இந்நிலை சாதாரணமாகக் காணப்படும். இத்தகைய இணைப்பில் எத்தனை பெயர் பதிந்தாலும் கமராவை அடைய முடியாது. அப்போது இணைய நிறுவனத்திடம் தனிப் பொதுமுகவரி கேட்டுப் பெறலாம். அல்லது, தயாரிப்பாளரின் சேவை நிலையத்தின் வழியாகப் படத்தை அனுப்பும் கமராவைத் தெரிந்தெடுக்கலாம். பிந்திய வகைக்குப் பெயர்ப் பதிவு வேண்டியதில்லை.

அமைக்கும் முறை

1. வீட்டினுள்ளே கமராவுக்குரிய முகவரி மாறாதிருத்தல் வேண்டும். ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்னும் பகுதியிற் கமராவைத் தெரிந்து, உதாரணமாக 192.168.1.50 என்னும் முகவரியை அதற்கென ஒதுக்குதல் வேண்டும்.

2. ரவுட்டரின் ‘டைனமிக் டி.என்.எஸ்.’ பக்கத்தில் எச்சேவைகள் காட்டப்பட்டுள்ளன என்பதைப் பார்த்து, அவற்றுள் ஒன்றிற் பெயரைப் பதிதல் வேண்டும். சொந்தப் பெயர், ஊர், கமத்தின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று.

3. பதிந்த பெயரையும் சேவையின் கடவுச்சொல்லையும் அப்பக்கத்தில் எழுதிச் சேமித்தல் வேண்டும். இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தாற் கணினி அணைந்திருக்கும்போது பதிவு திருத்தப்படாது. ரவுட்டர் எந்நேரமும் இயங்குவதால் அதுவே ஏற்றது.

4. ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கிச் சில நிமிடங்களின் பின், அப்பெயர் புதிய ‘வான்’ முகவரியையே காட்டுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

கதவும் பூட்டும்

பெயர் வீட்டுக்கு வழி காட்டுமேயன்றிக் கதவைப் பூட்டாது. வழியறிந்து வருபவர் உரியவரா அயலவரா என்று அது பார்ப்பதுமில்லை. இதனை மறந்ததால் விளைந்த கேடு 2016இல் உலகறியத் தெரிந்தது. மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கமராக்களையும் படப்பதிவுப் பெட்டிகளையும் இணையத்தில் தேடி, 60க்கு மேற்பட்ட வழக்கமான சொற்சோடிகளை இட்டுப் பார்த்துப் பெருந்தொகையானவற்றைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அக்கருவிகள் டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியமையால் பல பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்காக இயங்கவில்லை. அந்நிறுவனமோ இங்கு கூறிய பெயர்ச் சேவையை வழங்கிப் பெயர்பெற்றதாகும். கைப்பற்றப்பட்ட கமரா வழமைபோலப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஆதலால் உரிமையாளர் ஒன்றும் அறியார். கிணற்றடியில் ஆளில்லாத நேரத்தைக் கமக்காரர் பார்க்கும் அதே படத்தைக் கள்வரும் பார்க்கலாம்.

ஆகவே கமராவை நேரே வெளியுலகுக்குத் திறந்துவிடலாகாது. ‘வி.பி.என்.’ வசதியுள்ள ரவுட்டரைப் பயன்படுத்துதலே சிறந்த வழியாகும். இது வீட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையிற் பூட்டிய பாதையொன்றை அமைக்கும். வி.பி.என். அமைப்பில் வீட்டின் முகவரி கேட்கப்படுமிடத்திற் பதிந்த பெயரை எழுதுதல் வேண்டும். பாதை இணைந்ததும், வீட்டிலிருந்து பார்ப்பது போலவே 192.168.1.50 என்னும் உள்முகவரியிற் கமராவைப் பார்க்கலாம். தொலைபேசி தொலைந்தால் அதற்குரிய திறப்பை ரவுட்டரிலிருந்து நீக்கிவிடலாம்.

இவ்வசதி இல்லாதவிடத்துச் சிலர் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்னும் முறையாற் கமராவுக்கு ஒரு வாயில் திறப்பர். இது ஆபத்துக் கூடியது. வேறு வழியே இல்லாதபோது, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை நீக்கி நீளமானதொன்றை இடுதல், கமராவின் மென்பொருளைப் புதுப்பித்தல், ஒரு வாயிலை மாத்திரம் திறத்தல், கருவிகள் தாமாகவே வாயில் திறக்கும் ‘யு.பி.என்.பி.’ வசதியை நிறுத்துதல் ஆகிய நான்கையும் தவறாது செய்தல் வேண்டும். வாயில் இலக்கத்தை மாற்றுவது மாத்திரம் பூட்டாகாது. தயாரிப்பாளர் மென்பொருட் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கமராவுக்கு வாயில் திறத்தலே கூடாது.

முடிவிற் கைத்தொலைபேசியின் வைஃபையை நிறுத்தி, தொலைபேசி இணைப்பின் மூலம் சோதித்தல் அவசியம். சில ரவுட்டர்களில் வீட்டினுள்ளிருந்து அப்பெயரை அழைத்தால் வழி திறவாது; அதனைக் குறையெனக் கொள்ளலாகாது.

செலவும் பராமரிப்பும்

செக்கனுக்கு 1 மெகாபிட் அளவிலான படத்தை ஒரு மணித்தியாலம் பார்த்தால் ஏறக்குறைய 450 மெகாபைட் செலவாகும். இரவு பகலாகப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 கிகாபைட் செல்லும். ஆகையால் வேண்டியபோது மாத்திரம் பார்த்தலும், சிறிய படத்தைத் தெரிதலும் நன்று. இலவசப் பெயர்ச் சேவைகளிற் சில 30 நாளுக்கு ஒருமுறை பெயரை உறுதிப்படுத்தும்படி கேட்கும். தவறினாற் பெயர் நீக்கப்படும். மின்தடையின்போது கமராவும் ரவுட்டரும் ஒருங்கே நின்றுவிடுமாதலால் இரண்டையும் ஒரு மின்கலத்துடன் இணைத்தல் வேண்டும். அயலார் நீராடும் பொதுக்கிணறும் பிறர் முற்றமும் படத்தில் விழாதவாறு கமராவைத் திருப்பி வைப்பது கமக்காரரின் கடமையாகும்.

காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் வாய்க்காலைத் துப்புரவாக்குவது போல, போகந்தோறும் ஒருமுறை பெயரைச் சோதித்தல், மென்பொருளைப் புதுப்பித்தல், வேண்டாத வாயில்களை மூடுதல் ஆகிய மூன்றையும் செய்துவரின் கமரா பல்லாண்டு நம்பிக்கையான காவலாக அமையும்.